ராகு காலத்தில் ஏழு கவர்

விருப்ப ஓய்வில் போன அன்று என் மேசையைக் காலி செய்தபோது, இழுப்பறையின் மூலையில் ஒரு ஸ்டேப்ளர் கிடைத்தது. துருப்பிடித்தது, பின் இல்லாதது. குப்பைக்கூடையில் போடப்போன அலுவலக உதவியாளரிடமிருந்து அதைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் பேராசிரியராக இருந்துவிட்டுக் கடைசியில் இதையா எடுத்துப்போகிறார் என்று அவர் பரிதாபப்பட்டது முகத்தில் தெரிந்தது. அடுத்த மாதம் முதல் விசில் திட்டத்தை நடத்தப்போகிறவர்கள் நீங்கள். அதனால் அந்த ஸ்டேப்ளர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் மரியாதை கொஞ்சம் குறையும். பரவாயில்லை, ஓய்வுபெற்றவனுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது.

திட்டம் ஏன் தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மருந்துக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் பாடத்தைக் கரைத்துக் குடித்திருப்பார்கள். எந்த மாத்திரை எங்கே கரைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஆய்வகத்தில் ஒரு பீக்கர் உடைந்தால், நாற்பது பேரும் சேர்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். கூட்டிப் பெருக்கலாமா வேண்டாமா என்பதற்குக்கூட சார் தலையசைக்க வேண்டும். நாளைக்கு ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் தனியாக நிற்கப்போகிறவர்கள் இவர்கள். அங்கே போய் யார் முகத்தைப் பார்ப்பார்கள்?

அதற்காகத்தான் பாடத்துக்கு வெளியே இந்தத் திட்டத்தை ஆரம்பித்தேன். மாதம் ஒரு மாணவர் கேப்டன். அவர் பத்துப் பேர் கொண்ட குழுவைச் சேர்த்து, ஒரு கிராமத்தைப் பிடித்து, ஒரு மருத்துவரிடம் நேரம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மருந்து முகாம் நடத்த வேண்டும். கேப்டன் கழுத்தில் ஒரு விசில். அவர் ஊதினால் எல்லோரும் கையில் இருக்கும் வேலையை அப்படியே நிறுத்த வேண்டும். பேராசிரியரும் அதில் அடக்கம். அதோடு, முகாம் நடக்கும்போது பேராசிரியர் வாயைத் திறக்கக் கூடாது, எதிலும் கை வைக்கக் கூடாது என்று ஒரு விதி. அந்த விதியை என் கைப்படவே எழுதினேன். அதை முதலில் மீறியதும் அதே கைதான்.

கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போடும்போது ஒன்று சொன்னார். "நல்ல விஷயம்தான். ஆனா ஊர்லேருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் மூடிருவேன் சார். நமக்கு அட்மிஷன் முக்கியம்." அவர் எதிலும் எச்சரிக்கையான மனிதர். வண்டியில் ஏறுமுன் காலண்டரையும் பார்ப்பார், டயரையும் பார்ப்பார்.

அந்த மாதம் கேப்டனாக வந்தவள் நஸ்ரின். திண்டுக்கல் டவுன் பெண். அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தோல் வியாபாரம். மூன்று வருடம் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் குரலில் நான் கேட்டது வருகைப் பதிவில் சொல்லும் "எஸ் சார்" மட்டும்தான். அதுவும் பாதி நாள் உதட்டசைவில் புரிந்துகொண்டதுதான். விசிலைக் கொடுக்கும்போது, இந்தப் பெண் இதை ஊதினால் சத்தம் வருமா என்று எனக்குச் சந்தேகம். என் மனதில் வேறொரு பையன் இருந்தான். விசிலே தேவைப்படாத தொண்டை அவனுக்கு. தலைமை என்றால் சத்தம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

அவளுக்குத் துணைக் கேப்டன் பூபதி. நெய்க்காரப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். ஒரு தலைவலி மாத்திரை கேட்டால்கூட, "ஏனுங்க சார், சாப்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பான்.

முகாம் நடந்தது ஆத்தூருக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்தின் சமுதாயக்கூடத்தில். மல்லிகைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். விடியுமுன் பூப்பறித்து, காலையில் மார்க்கெட்டுக்கு அனுப்பி, மதியம் கண் அசந்துவிட்டுத்தான் ஜனங்கள் வெளியே வருவார்கள் என்பதால் மூன்று மணிக்குத் தொடங்கினாள். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தபோதே நான் அவளைப் பற்றி மாற்றி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஏற்பாடு எளிமையானது. மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுப்பார். பிள்ளைகள் மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டு, மேலே எழுதி, ஸ்டேப்ளர் அடித்து, எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லிக் கொடுப்பார்கள். பூத்தூளிலும் பூச்சிமருந்திலும் தும்மலும் அரிப்புமாக நிறையப் பேர் வந்தார்கள். அவர்களுக்கு அலர்ஜி மாத்திரை: இப்போது ஒன்று, பிறகு தினமும் இரவில் ஒன்று. முதல் மாத்திரையை அங்கேயே போட்டுக்கொள்ளட்டும் என்று வாசலில் ஒரு குடம் தண்ணீரும் டம்ளரும் வைத்திருந்தாள் நஸ்ரின்.

அலர்ஜி மாத்திரை சின்னது, வெள்ளை. சர்க்கரை நோய்க்கான மாத்திரையும் சின்னது, வெள்ளை. இரண்டும் பெரிய பிளாஸ்டிக் டப்பாக்களில் மொத்தமாக வந்தவை. பிள்ளைகள் டப்பாவிலிருந்து தட்டில் கொட்டி, தட்டிலிருந்து எண்ணிப் போட்டார்கள். ஒவ்வொரு முறை கொட்டும்போதும் ஒருத்தர் பெயரைப் படிக்க, இன்னொருத்தர் சரிபார்க்க வேண்டும். அதுவும் அவள் வைத்த முறை.

நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி அதை நம்பவே மாட்டாள். சரியாக நாலரைக்குக் கேனில் டீ வந்தது. நஸ்ரின் பாதிப் பேரை அனுப்பினாள். அலர்ஜித் தட்டில் மாத்திரை தீரப்போவதைப் பார்த்தேன். வரிசையில் ஆள் நிற்கிறது. பிள்ளைகள் டீ குடிக்கட்டும், பாவம், ஒரு கை உதவி செய்வோமே என்று எழுந்தேன். டப்பாவைத் திறந்தேன், கொட்டினேன், மூடினேன். யாரும் பார்க்கவில்லை. ஸ்டேப்ளரையும் எடுத்து இரண்டு கவருக்கு அடித்துக் கொடுத்தேன். கல்லூரிக் காலத்து உற்சாகம் உடம்பில் ஏறியது. என்னைப்போல ஒரு பேராசிரியர் கிடைக்க இவர்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

ஐந்து மணி தாண்டியதும் ஒரு பூக்கார அம்மா கவரை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

"ஏந்தாயி, முழுசாப் போட்டா அசந்து தூங்கிருவேன். விடியமுன்ன பூப்பறிக்கப் போகணும். பாதியா உடைச்சுக் குடு."

"டாக்டர்ட்ட போன்ல கேட்டுச் சொல்றேன்மா. எப்படி உடைக்கணும்னு மட்டும் இப்பக் காமிக்கிறேன்" என்று நஸ்ரின் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்தாள். இந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் திருப்பினாள். அலர்ஜி மாத்திரையின் நடுவில் உடைப்பதற்கு ஒரு கோடு இருக்கும். இதில் கோடு இல்லை.

விசில் ஊதினாள்.

அந்தச் சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. நான் நாற்காலியோடு ஒரு அடி பின்னால் போனேன். மேசைகளில் வேலை நின்றது. அவள் அந்த அம்மாவின் கவரை வாங்கி வைத்துக்கொண்டு, தட்டைத் துணியால் மூடி, இரண்டு டப்பாக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அலர்ஜி டப்பாவில் இருக்க வேண்டியதைவிட நிறைய இருந்தது. சர்க்கரை மாத்திரை டப்பா பாதிதான் இருந்தது.

"இந்தத் தட்டுல கடைசியா கொட்டுனது யாரு?"

பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

இந்த இடத்தில் என் மண்டைக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன், உங்களுக்கும் ஒருநாள் ஓடும். முதலில் கல்லூரி முதல்வரின் முகம் வந்தது. அடுத்து நாளிதழில் கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு. எழுத்தின் அளவுகூடத் தெரிந்தது. மூன்றாவதாக, கூட்டத்தில் யார்மேலாவது இந்தத் தவறு தானாகவே போய் ஒட்டிக்கொள்ளாதா என்ற ஒரு நப்பாசை. சர்க்கரை நோய் இல்லாத ஒருவர் வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டால் ரத்தச் சர்க்கரை சரிந்து மயங்கி விழலாம், உயிருக்கேகூட ஆபத்தாகலாம். வருடா வருடம் நானே நடத்தும் பாடம் அது. அந்தப் பாடம் நாலாவதாகத்தான் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வரிசை அதுதான்.

நஸ்ரின் ஒருமுறை எல்லோரையும் பார்த்தாள். பிறகு கேள்வியையே மாற்றினாள்.

"யாருன்னு இப்ப வேணாம். எப்பன்னு மட்டும் சொல்லுங்க. நேரம் தெரிஞ்சா எத்தன கவர்னு தெரிஞ்சிரும்."

நீங்கள் இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். "யார்" என்று கேட்டால் நல்லவன்கூட வாயை மூடிக்கொள்வான். "எப்போது" என்று கேட்டால் கோழைகூடப் பேசிவிடுவான். அதற்கு உயிருள்ள சாட்சி நான்.

"நாலரைக்கு. டீ வந்தப்ப" என்றேன். என் குரல் நஸ்ரினின் பழைய "எஸ் சார்" அளவுக்குத்தான் வந்தது. "நான்தான் கொட்டுனேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் கோபமும் இல்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு பூபதியிடம் பதிவேட்டைக் கேட்டாள். இந்தப் பூக்கார அம்மாவைத் தவிர, நாலரைக்குப் பிறகு அலர்ஜிக் கவர் வாங்கியவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வாசலில் இருந்த குடத்தை எட்டிப் பார்த்தாள். "நாலரைக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் இங்கனயே தண்ணி குடிச்சு மாத்திரை போட்டாங்க. அப்புறம் வந்தவங்க யாருமே போடல. டீ வந்தப்ப நான் நிரப்பி வச்ச குடம், அப்படியே இருக்கு. ஏன்?"

பூபதிதான் சொன்னான். "ஏனுங்க நஸ்ரின், இன்னிக்கு ஞாயிறு. நாலரையிலேருந்து ஆறு வரைக்கும் ராகு காலமுங்க. எங்க ஊர்லயும் அந்நேரத்துக்குப் புதுசா மருந்து தொடங்க மாட்டாங்க. வீட்டுக்குக் கொண்டுபோயி ஆறு மணிக்கு மேலதான் போடுவாங்க."

கடிகாரத்தில் ஐந்தே கால். எனக்கு உயிர் திரும்பி வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ராகுவுக்கு மனமார நன்றி சொன்னேன். "அப்ப நமக்கு முக்கா மணி நேரம் இருக்கு. நிதானமா ஒரு காரியம் பண்ணலாம்" என்று எழுந்து, விதியை இரண்டாம் முறையாக மீறி, ஒரு யோசனையும் சொன்னேன். மைக்கில், நாலரைக்கு மேல் கவர் வாங்கியவர்களுக்குக் கூடுதலாக ஒரு சத்து மாத்திரை தருகிறோம், பழைய கவரோடு வாருங்கள் என்று அறிவிக்கலாம். யாரும் பயப்பட மாட்டார்கள், கவரும் வந்துவிடும், புகாரும் வராது. யோசனை எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

"இல்ல சார்" என்றாள். "சத்து மாத்திரைக்குன்னா, வேணும்கிறவங்கதான் வருவாங்க. தப்புன்னு சொன்னாத்தான் ஏழு பேரும் வருவாங்க. அதோட, எல்லாரும் ராகு காலம் பாப்பாங்கன்னு என்ன நிச்சயம்? நான் பாக்குறதில்லையே."

நான் உட்கார்ந்தேன். அவள் மைக்கை எடுத்தாள். மூன்று வருடம் உதட்டசைவில் புரிந்துகொண்ட குரல் அந்த ஊர் முழுக்கக் கேட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் நஸ்ரின், மருந்துக் கல்லூரி மாணவி. நாலரை மணிக்கு மேல தும்மலுக்கும் அரிப்புக்கும் சின்ன வெள்ளை மாத்திரை வாங்குனவங்க யாரும் அதப் போடாதீங்க. எங்க கையால மருந்து மாறிப்போச்சு. தப்பு எங்களோடது. கவர எடுத்துக்கிட்டு இங்க வாங்க. யாராச்சும் போட்டிருந்தா, உடனே இனிப்பா எதையாவது சாப்டுட்டு அங்கனயே உக்காந்திருங்க. நாங்க ஓடியாறோம்."

மூன்று முறை சொன்னாள். "எங்க கையால" என்றபோது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கவர்கள் வரத் தொடங்கின. முந்தானையில் முடிந்து ஒருவர், பூக்கூடைக்குள் வைத்து ஒருவர், பிரிக்காத கவரை நீட்டி "நல்லவேளை, நான் இன்னும் தொடல தாயி" என்று ஒருவர். பத்து நிமிடத்தில் ஆறு கவர். ஒன்றில்கூட ஸ்டேப்ளர் பின் அவிழ்க்கப்படவில்லை.

ஏழாவது வரவில்லை.

பூபதி பதிவேட்டிலிருந்து பெயரைப் படித்தான். பாதி மாத்திரை கேட்ட அம்மாதான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னார். "அந்தத் தபால்காரரா? ஆத்தாடி. அவரு ராகு காலம்னா தேடிப்பிடிச்சு வருவாரே."

அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கறுப்புச் சட்டை. அந்த ஊரில் ராகு காலம் பார்க்காத ஒரே ஆள். பார்க்காதவர் என்று சொல்வதும் தப்பு. மற்றவர்களைவிடக் கவனமாகப் பார்ப்பார். பார்த்து, சரியாக அந்த நேரத்தில்தான் எதையும் தொடங்குவார். மகள் நிச்சயதார்த்தத்தையே ராகு காலத்தில் வைத்தவராம். முகாமுக்கும் நாலரை அடித்த பிறகுதான் வந்திருக்கிறார். தென்னந்தோப்பு ஓரம் தனி வீடு. மைக் சத்தம் கேட்டால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது அவர் வழக்கமாம்.

நஸ்ரின் யோசிக்க எடுத்துக்கொண்டது இரண்டு மூச்சு. "பூபதி, வண்டிய எடு. குளுக்கோஸ் டப்பா, சர்க்கரை பாக்குற மெஷின், ரெண்டும் எடு. சார், நீங்களும் போங்க. நான் டாக்டருக்கும் நூத்தி எட்டுக்கும் பேசிட்டு இங்க ஜனங்கள்ட்ட நிக்கிறேன்." மருத்துவர் ஐந்து மணிக்கே கிளம்பிப் போயிருந்தார். போன் காதில் இருக்கும்போதே அவள் எனக்கு வாசலைக் கை காட்டினாள். பேராசிரியரை ஒரு மாணவி விரலால் அனுப்பினாள். நான் போனேன்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து, கையில் இருந்ததை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வழியெல்லாம் கும்பிடாத சாமி இல்லை. வீட்டு வாசலில் இறங்கி, "இந்தா பூபதி, குளுக்கோஸ்" என்று நீட்டினேன். அவன் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"இது ஸ்டேப்ளருங்க சார். குளுக்கோஸ் எங்கிட்ட இருக்குதுங்க."

ஆபத்து நேரத்தில் மனிதன் எதைக் காப்பாற்ற ஓடுகிறான் என்பது அவனுக்கே தெரியாது. நான் காப்பாற்றியது ஸ்டேப்ளரை.

அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. விரல்கள் நடுங்கின. மேசையில் மூடி வைத்த சாப்பாடு, பக்கத்தில் பிரித்த கவர். அவர் மதியம் சாப்பிடுவதே சாயங்காலம்தான் என்று பிற்பாடு தெரிந்தது. காதிலிருந்த பஞ்சை பூபதி எடுத்தான்.

"யாருலே அது?"

"முகாம்லேருந்து வாரோமுங்க. இதக் குடிங்க ஐயா."

"எதுக்கு? வெயில்ல நடந்தேன், லேசாக் கிறுகிறுங்குது. அம்புட்டுதான்."

"சும்மா ஒரு டெஸ்ட்டுங்க" என்று நான் ஆரம்பித்தேன். பழக்கம் விடவில்லை. பூபதி என்னை முடிக்க விடவில்லை.

"நாங்க மாத்திரைய மாத்திக் கொடுத்துட்டோமுங்க ஐயா. உங்களுக்குச் சர்க்கரை இறங்குது. குடிங்க, பேசிக்கலாம்."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். வாங்கி மடமடவென்று குடித்தார். உண்மை சொன்னால் ஜனங்கள் எவ்வளவு சீக்கிரம் ஒத்துழைக்கிறார்கள் என்பதை ஐம்பது வயதுக்கு மேல்தான் கண்ணால் பார்த்தேன். பூபதி விரலில் குத்திப் பார்த்தான். மெஷினில் எண் குறைவாகத்தான் வந்தது, பயப்படும் அளவுக்கு. இன்னொரு டம்ளர் கலந்தான். மூடி வைத்த சாப்பாட்டைத் திறந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தான். கால் மணி நேரம் பொறுத்து மறுபடியும் குத்தினான். எண் ஏறியிருந்தது. பெரியவரின் நடுக்கம் நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாத்துனது யாரு?"

"நான்தாங்க."

"நீ யாரு?"

"அந்தப் பிள்ளைங்களோட பேராசிரியருங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். கையில் ஸ்டேப்ளர். "அப்பச் சரி" என்றார்.

அவர் தெளிந்ததைப் பார்த்ததும் என் பயமும் தெளிந்து, உடனே முட்டாள்தனமாக மாறியது. நஸ்ரினுக்குப் போன் போட்டு, "எல்லாம் சரியாயிருச்சும்மா, ஆம்புலன்ஸ் வேணாம்னு சொல்லிரு. ஊரக் கூட்ட வேணாம்" என்றேன்.

"சார், அந்த மாத்திரை ராத்திரி முழுக்க வேலை செய்யும்னு நீங்கதான நடத்துனீங்க? குடிச்ச குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி இறங்கும். டாக்டரும் அதத்தான் சொன்னாங்க. அவர ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்கணும். வண்டி வந்துக்கிட்டு இருக்கு."

என் பாடத்தை என்னைவிட நன்றாகக் கவனித்தவள் ஒருத்தி இருந்திருக்கிறாள். அதுவரை எனக்குத் தெரியாது.

அரசு மருத்துவமனையில் அவரைச் சேர்த்தோம். நஸ்ரின் முகாமை ஒழுங்காக முடித்து, திரும்பி வந்த கவர்களுக்குச் சரியான மாத்திரையை இருவர் சரிபார்த்துக் கொடுத்து, டப்பாக்களுக்கு முத்திரை வைத்துவிட்டு, அவள் அத்தாவோடு வந்தாள். அவர் வீட்டிலிருந்து இட்லியும் பிளாஸ்கில் பாலும் கொண்டுவந்திருந்தார். "எங்க புள்ள போன்ல அழுதுச்சுங்க சார், உங்க முன்னாடி அழுதுச்சா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார். "இல்லீங்க" என்றேன். "நான்தான் அழுதுருப்பேன், நேரம் கிடைக்கல." பெரியவருக்குச் சர்க்கரை நடுவில் ஒருமுறை மறுபடி இறங்கியது. செவிலியர் உடனே கவனித்தார். வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றைக்கும் யோசிப்பதில்லை. யோசிக்காமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவு வேடிக்கை பேசுகிறேன். மறுநாள் காலை அவர் காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஆனால் ஊரில் பேச்சு வேறு விதமாகப் பரவிவிட்டது. "ராகு காலத்துல மருந்து முழுங்குனாரு, ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் படுக்க வச்சிருச்சு" என்று. எங்களுக்கு அது வசதிதான். தப்பு கிரகத்தின் மேல் போய்விட்டது. ஆனால் அவருக்கு அது உயிர்போகிற அவமானம்.

அந்த வாரமே கல்லூரிக்கு ஒரு பதிவுத்தபால் வந்தது. முதல்வர் என்னையும் நஸ்ரினையும் பூபதியையும் அழைத்தார். அதற்கு முன்பே நான் நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தேன். எழுதச் சொன்னவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல்வர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தபாலை வாய்விட்டுப் படித்தார்.

"ஐயா, எனக்கு நேர்ந்த மயக்கத்துக்கு ராகு காலம் காரணம் அல்ல. தங்கள் பேராசிரியரின் கைதான் காரணம் என்பதை இதன்மூலம் உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். ஊரறிய இதைத் தாங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். தவறை மைக்கில் சொன்ன பெண்ணும், என்னிடம் நேரில் சொன்ன பையனும் செய்தது சரியான வேலை. முப்பது வருடம் தபால் கொடுத்தவன் நான். தவறான வீட்டில் போட்ட கடிதத்தைத் திரும்பப் போய் வாங்குவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஏழு கவரையும் வாங்கிவிட்டார்கள். முகாமைத் தொடரவும். பேராசிரியரை மட்டும் ஒரு இடத்தில் உட்கார வைக்கவும்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "இது புகாரா, பாராட்டா?"

"ரெண்டும்தான் சார்" என்றாள் நஸ்ரின். "புகார் சாருக்கு, பாராட்டு திட்டத்துக்கு."

முதல்வர் என்னைப் பார்த்தார். அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், ஊருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம், இரண்டையும் அன்றே தட்டச்சு செய்யச் சொன்னார். திட்டத்தை நிறுத்தவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. அடுத்த முகாமும் நஸ்ரின் தலைமையிலேயே அதே ஊரில் நடக்க வேண்டும், ஜனங்கள் வர வேண்டும். வரவில்லை என்றால் மூடிவிடலாம். "நம்புறாங்களான்னு அவங்கதான் சொல்லணும்" என்றார்.

நஸ்ரின் விதிகளில் ஒன்றைச் சேர்த்தாள். இன்றும் அது உங்கள் கையேட்டில் இருக்கிறது. ஏன் இருக்கிறது என்று நீங்கள் குழம்பியிருப்பீர்கள். "முகாம் நேரத்தில் பொறுப்புப் பேராசிரியரின் இரண்டு கைகளிலும் ஏதாவது பொருள் இருக்க வேண்டும்."

ஆக, அடுத்த முகாமில் என் வலக்கையில் தண்ணீர்ச் சொம்பு, இடக்கையில் டோக்கன் கட்டு. மூன்று மணிக்குக் கதவைத் திறந்தோம். ஒருவர்கூட உள்ளே வரவில்லை. வந்தார்கள், ஆனால் எதிரில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். எங்களைப் பார்த்தார்கள். மூன்றரை. நாலு. மருத்துவர் ஒரு வார இதழை எடுத்து விரித்தார். என் மூக்கு அரித்தது, சொறியக் கை இல்லை. "உள்ள வாங்கம்மா" என்று கூப்பிடலாமா என்று நஸ்ரினைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் நகம் கடிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

சரியாக நாலரைக்குக் கறுப்புச் சட்டை தெருமுனையில் தெரிந்தது.

அவர் வேப்பமரத்தடியைத் தாண்டி, யாரையும் பார்க்காமல், நேராக மருத்துவரிடம் போய் உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார். சீட்டை வாங்கிக்கொண்டு நஸ்ரின் மேசைக்கு வந்தார்.

"போன தடவ எனக்கு வரவேண்டியது இன்னும் டெலிவரி ஆகலம்மா."

அவள் டப்பாவை எடுத்தாள். ஒருவன் பெயரைப் படித்தான், இன்னொருத்தி சரிபார்த்தாள். உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைத்து அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மரத்தடியில் இருந்தவர்களும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"கோடு இருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, அந்தச் சொம்ப இப்படிக் குடு."

விசில் வைத்திருப்பவளைப் பார்த்தேன். குடுங்க என்று கண்ணைக் காட்டினாள். கொடுத்தேன். அவர் மாத்திரையை வாயில் போட்டு, அண்ணாந்து ஊற்றிக் குடித்துவிட்டு, வாசற்படியில் இறங்கி, இடுப்பில் கை வைத்து, ஊர் முழுக்கப் பார்க்கும்படி நின்றார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

பாதி மாத்திரை கேட்ட அம்மாதான் முதலில் எழுந்தார். சேலையை உதறிக்கொண்டு படியேறினார்.

"அவரே நிக்கிறாரு, எனக்கென்ன. டோக்கன் குடுங்க சார்."

அவருக்குப் பின்னால் மொத்த மரத்தடியும் எழுந்து வந்தது. ஐந்து மணிக்கு வரிசை தெருவுக்குப் போய்விட்டது. குடத்தை இரண்டு முறை நிரப்பினோம். அந்தத் தண்ணீரும் தீர்ந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ராகு காலம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பெரியவர் மட்டும் கவனித்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தார்.

நஸ்ரின் இன்று ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தை நடத்துகிறாள். போன மாதம் பேசும்போது, புதிதாகச் சேர்பவர்களிடம் முதல் நாளே ஒன்று சொல்வதாகச் சொன்னாள்: "இங்க யாருன்னு கேக்க மாட்டேன், எப்பன்னுதான் கேப்பேன்." பூபதி ஒட்டன்சத்திரத்தில் கடை வைத்திருக்கிறான். இன்னும் சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரை கொடுக்கிறான்.

விசிலை உங்களிடம் விட்டுப்போகிறேன். அதை யார் கழுத்தில் மாட்டுவது என்று தேடும்போது கடைசி பெஞ்சில் உதட்டை மட்டும் அசைக்கிறவர்களையும் ஒருமுறை பாருங்கள். ஸ்டேப்ளரைத் தர மாட்டேன். உங்களுக்கு எப்போதாவது, பிள்ளைகள் பாவம், ஒரு கை உதவுவோமே என்று தோன்றினால் எனக்குப் போன் செய்யுங்கள். எடுத்துக்கொண்டு வருகிறேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்காருங்கள்.